காலை இருபது, மாலை பன்னிரண்டு

நஞ்சம்மாள் மாதிரி ஊசி போட இந்தத் தாலுக்காவிலேயே ஆள் கிடையாது என்று மொரப்பூர் பஸ்ஸில் முதன்முதலாகத் தம்பட்டம் அடித்தவன் நான்தான். இப்போது அதை நினைத்தால் என் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் பெயர் சந்திரமோகன். மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் கம்பம் ஏறி, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். என் மனைவி பானுமதிக்கு ரத்த அழுத்தத்தால் இரண்டு கிட்னியும் போய்விட்டன. நாலு வருஷமாக வாரம் மூன்று நாள் தர்மபுரியில் டயாலிசிஸ். அவள் உள்ளே மெஷினில் படுத்திருக்கும் நாலு மணி நேரமும் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெஞ்சில் ஒரு வருஷம் உட்கார்ந்தவன் பாதி டாக்டர் ஆகிவிடுவான். நான் முக்கால் டாக்டர் ஆகியிருந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், எந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, மெஷின் ஏறுமுன் வயிறு முட்டச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று எல்லாம் நானே வகுப்பெடுப்பேன். யாராவது குறுக்கே பேசினால் பிடித்துக் கத்திவிடுவேன். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்.

என் பாடங்களில் முக்கியமானது ஒன்று உண்டு. மெஷினிலிருந்து வந்து தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. பானுமதியை ஒரு முறை சாப்பிட எழுப்பி, அவள் எழுந்த வேகத்தில் தலை சுற்றி வாசற்படியில் விழுந்து நெற்றியில் நாலு தையல். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் சட்டம். பெஞ்சில் நான் சொல்லிச் சொல்லி, மொரப்பூர் பக்கத்திலிருந்து வருகிற எல்லாக் குடும்பத்திலும் அது சட்டமாகிவிட்டது.

நஞ்சம்மாள் அந்தப் பெஞ்சுக்கு வந்தது சென்ற வருஷம் தை மாதம். மொரப்பூருக்கு மேற்கே மூன்று கிலோமீட்டரில் அவள் ஊர். அந்த ஊர்ப் பால் சொசைட்டியில் காலை முறைக்கு அவள்தான் டெஸ்டர். விடிவதற்குள் கேன்களோடு வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருத்தர் பாலிலும் கொஞ்சம் மொண்டு, லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பாள். கோடு தப்பினால் பால் திரும்பிப் போகும். ஒரு முறை சொந்தத் தம்பியின் பாலையே தண்ணீர் கலந்தது என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவன் ஒரு வருஷம் இவள் வாசல் மிதிக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டபோது, கோடு அங்கேதான் நின்றது, நான் என்ன செய்ய என்று கையை விரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் கணவர் மாது. போர்வெல் லாரி ஓட்டி வடக்கே எல்லாம் சுற்றியவர். ஜபல்பூர்ப் பக்கம் எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். ஒரு டீக்கு ஆறு ஸ்பூன் சர்க்கரை. நாற்பது வயதுக்குள் சர்க்கரை நோய் பிடித்துக்கொண்டது. ஒன்பது வருஷமாக இன்சுலின் ஊசி. காலையில் இருபது யூனிட், மாலையில் பன்னிரண்டு. போடுவது நஞ்சம்மாள். மருந்தை உறிஞ்சி, சிரிஞ்சைக் கண்ணுக்கு நேரே பிடித்து, லாக்டோமீட்டரைப் பார்க்கிற அதே பார்வையோடு கோட்டைப் பார்ப்பாள்.

அந்த ஒன்பது வருஷத்தில் ஐந்து மாதம் மட்டும் ஊசி நின்றது. பொம்மிடியில் யாரோ ஒரு பொடி கொடுக்கிறார், ஊசியே வேண்டாம் என்று மாது அடம்பிடித்தார். இவளும் விட்டுக்கொடுத்தாள். அந்த ஐந்து மாதத்தில் சர்க்கரை நானூறைத் தாண்டியது. அடுத்த வருஷமே காலில் வீக்கம், மூச்சுத் திணறல், கிட்னி இரண்டும் போய்விட்டது என்ற செய்தி. கிட்னி அதற்கு முன்பே நலிந்திருக்கும், ஐந்து மாதத்தில் போய்விடாது என்று டாக்டர் சொன்னாராம். நஞ்சம்மாள் காதில் அது ஏறவில்லை. ஊசியை நிறுத்தினோம், கிட்னி போனது. அவள் கணக்கு அவ்வளவுதான். இனி உயிர் உள்ளவரை ஒரு வேளை, ஒரு யூனிட் குறைய விடமாட்டேன் என்று முனியப்பன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு ஒரு அதிசயம் நடந்தது. அதிசயம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வெறும் வயிற்றில் இருநூற்று நாற்பதுக்குக் குறையாத மாதுவின் சர்க்கரை மாசியில் நூற்று அறுபதானது. பங்குனியில் நூற்று இருபது. சித்திரையில் ஒரு நாள் எண்பத்தெட்டு. வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்கிற கருவியை நஞ்சம்மாள் பஸ்ஸில் எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். மெஷின் ரத்தத்தைக் கழுவுகிறது, அதோடு சர்க்கரையையும் கழுவிவிடுகிறது என்று நான் விளக்கம் சொன்னேன். பஸ்ஸே தலையாட்டியது. என் மனைவிக்குச் சர்க்கரை நோயே கிடையாது, அதைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதை அப்போது நானும் நினைக்கவில்லை, கேட்டவர்களும் நினைக்கவில்லை.

மாது, எண்பத்தெட்டு வந்த சந்தோஷத்தில் மாம்பழம் கேட்டார். சித்திரை மாதம், மொரப்பூர் ரோடு பூராவும் மாம்பழம் குவிந்து கிடந்தது. டயாலிசிஸ் டெக்னீஷியன் மலர்விழி, மாம்பழத்தில் சர்க்கரை மட்டும் இல்லை, பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறது, அது உங்கள் இதயத்தை நிறுத்திவிடும் என்று சொல்லிவிட்டாள். சர்க்கரையை ஜெயித்தவனுக்கு ஒரு மாம்பழத்துக்கு வக்கில்லையா என்று மாது பெஞ்சில் எல்லோரிடமும் நியாயம் கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. மெஷினில் மூன்றாவது மணி நேரம். நான் பானுமதிக்குப் போர்வை கொடுக்க உள்ளே போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் மாது திடீரென்று, லாரியை ரிவர்ஸ் எடுக்கிறவர் போலக் கையைச் சுழற்றிக்கொண்டு, பின்னாடி பார், பின்னாடி பார் என்று இந்தியில் யாரையோ விரட்டினார். முகமெல்லாம் வியர்வை. அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் நான். டயாலிசிஸில் பிரஷர் இறங்குவது தினமும் பார்க்கிற கூத்து. காலைத் தூக்கி வைப்பார்கள், சலைன் விடுவார்கள், சரியாகிவிடும். அன்றைக்கும் காலைத் தூக்கி வைத்தார்கள். சரியாகவில்லை. மலர்விழி ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு. குழாய் வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினாள். இரண்டு நிமிஷத்தில் மாது கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டார்.

மலர்விழி பென்னாகரத்துப் பெண். வயது முப்பதுகூட இருக்காது. வெளியே வந்து நஞ்சம்மாளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஊசிய கொறைக்கணும். மெஷின் நாள்ல காலையில இருபது போட்டுட்டு வராதீங்க. செவ்வாக்கெழம டாக்டர் வருவாரு, இந்த நோட்ட அவருகிட்ட காட்டுங்க. நான் இதுல எழுதியிருக்கேன்."

நஞ்சம்மாள் நோட்டை வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஏறியதும் என்னிடம் முறையிட்டாள். ஊசியை நிறுத்தித்தானே கிட்னியைப் பறிகொடுத்தோம், இப்போது சர்க்கரை இறங்கி வருகிற நேரத்தில் மறுபடியும் குறைக்கச் சொல்கிறாளே என்றாள். நான் யோசிக்கவே இல்லை. சின்னப் பொண்ணு, புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறாள், ஒன்பது வருஷம் போட்ட கைக்குத் தெரியாததா என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தபோது அந்த நோட்டு நஞ்சம்மாளின் பைக்குள்ளேயே இருந்தது. எப்படி இருக்கிறார் என்று டாக்டர் கேட்டதற்கு, நன்றாக இருக்கிறார் என்றாள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனை முடிவையும் காட்டினாள். அது ஐந்து புள்ளி நாலு, சர்க்கரை நோயே இல்லாதவருக்கு வருகிற எண். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வெளியே வந்து என்னைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. நானும் பதிலுக்குச் சிரித்தேன்.

ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை. மாதுவும் பானுமதியும் பதினொரு மணிக்கு மெஷின் ஏறி மூன்று மணிக்கு இறங்கினார்கள். நாலு மணி பஸ். பாதி வழியில் மாது இருக்கையிலிருந்து என் தோள்மீது சரிந்தார். சட்டை பிழிகிற அளவு நனைந்திருந்தது. இந்த முறை நான் சிரிக்கவில்லை. போன முறை குளுக்கோஸ் கொடுத்ததும் தெளிந்தது ஞாபகம் வந்தது. பின் இருக்கையில் ஒருவர் வைத்திருந்த மாம்பழ ஜூஸ் பாட்டிலைப் பிடுங்கி அவர் வாயில் ஊற்றினேன். பொட்டாசியமாவது ஒன்றாவது என்று ஊற்றினேன். முழுப் பாட்டிலும் காலி. பத்து நிமிஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கடைசியில மாம்பழம் குடுத்துட்டீங்கல்ல சார்," என்றார்.

பஸ் முழுக்கச் சிரிப்பு. நஞ்சம்மாள் மட்டும் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். உயிரைக் காப்பாற்றிய பெருமையில் நான் மொரப்பூர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தேன்.

ஏழு மணிக்கு அவள் போன் செய்தாள். சர்க்கரை பார்த்தேன், இருநூற்று எண்பத்து நாலு காட்டுகிறது, பல மாதமாக இவ்வளவு வந்ததே இல்லை என்று பதறினாள். அவர் வந்ததும் இரண்டு வாய் களி தின்றுவிட்டுப் படுத்தவர் அசந்து தூங்குகிறார் என்றாள். நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே சொல்கிறேன். அந்த ஜூஸ் பாட்டில் வேலைதான் இது, விட்டால் ஏறிக்கொண்டே போகும், ஊசி போடு என்றேன். பன்னிரண்டா, கூட இரண்டு சேர்த்துப் போடட்டுமா என்று கேட்டாள். சேர்த்தே போடு என்றேன்.

"சாப்புட எழுப்பட்டுங்களாண்ணா?"

"வேணாம்மா. தூங்கட்டும். எழுப்பாத."

அவள் பதினாலு யூனிட் போட்டாள். தூக்கத்திலேயே போட்டாள். அவளுக்கு அவ்வளவு லேசான கை. அவர் புரண்டுகூடப் படுக்கவில்லையாம்.

விடியற்காலை நாலரைக்கு அவள் சொசைட்டிக்குக் கிளம்பும்போது மாதுவின் பனியன் நனைந்திருந்தது. தலையணையும் நனைந்திருந்தது. ஆனி மாதத்துப் புழுக்கம் என்று நினைத்தாள். எழுப்பாமல், மெல்லத் தலையைத் தூக்கித் தலையணையைத் திருப்பி வைத்தாள். ஃபேனை இன்னும் ஒரு எண் கூட்டிவிட்டுப் போனாள். ஐம்பத்தாறு பேர் பாலைக் கோடு பார்த்து முடித்து ஏழே முக்காலுக்குத் திரும்பி வந்து, காலை ஊசிக்குச் சிரிஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு கையைத் தொட்டாள். கை ஜில்லென்று இருந்தது.

டயாலிசிஸ்காரருக்கு இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கும் என்று வந்து பார்த்த டாக்டர் சொன்னார். ஓசூரிலிருந்து மகள் பிரியதர்ஷினி வந்து அழுதாள். வந்தவர்களிடமெல்லாம் நஞ்சம்மாள் ஒன்றையே சொன்னாள். ஒரு வேளை ஊசி தவறவிடவில்லை, கடைசி ராத்திரிகூடப் போட்டுவிட்டுத்தான் படுத்தேன் என்றாள். என்னைக் காட்டி, இந்த அண்ணாவைக் கேளுங்கள் என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதற்கடுத்த செவ்வாய் மலர்விழி என்னை மருந்து அறைக்குள் கூப்பிட்டாள். கடைசி ஊசி எப்போது போட்டார்கள் என்று கேட்டாள். சொன்னேன். ஜூஸ், இருநூற்று எண்பத்து நாலு, பதினாலு யூனிட், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரையில் சொல்கிறேன். உடம்பில் போட்ட இன்சுலினை வேலை முடிந்ததும் அழித்து வெளியேற்றுவதில் பெரிய பங்கு கிட்னிக்கு. கிட்னி செத்துவிட்டால் ஒரு ஊசி தன் நேரத்துக்கு மேலும் உள்ளே நின்று வேலை செய்துகொண்டே இருக்கும். அதோடு, உடம்பில் சர்க்கரை குறைந்தால் கொஞ்சம் தயாரித்துக் கொடுக்கிற வேலையையும் கிட்னி செய்யும். அதுவும் நின்றுபோகும். டயாலிசிஸ் தொடங்கி ரத்தம் சுத்தமானால் அதே இன்சுலினுக்கு உடம்பு இன்னும் நன்றாக இணங்கும். ஆக, பழைய இருபது யூனிட் இப்போது நாற்பது மாதிரி. போதாதற்கு மெஷினில் ஓடும் தண்ணீரில் சர்க்கரை குறைவாக இருந்தால் ரத்தத்துச் சர்க்கரை அதற்குள் இறங்கிப் போகும். வாந்திக்குப் பயந்து யாரும் சாப்பிடுவதும் இல்லை. மாதுவின் சர்க்கரை மாதா மாதம் இறங்கியது நோய் குணமாகி அல்ல, ஊசி உள்ளே தேங்கித் தேங்கித்தான். ஐந்து புள்ளி நாலும் நம்பத்தக்கதல்ல. மாதுவைப் போல ரத்தச் சோகைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு அந்தப் பரிசோதனை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டிவிடும்.

மெஷின் முடிந்த மாலையில் இருநூற்று எண்பத்து நாலு ஏறியது ஏன் என்று கேட்டேன். இன்சுலினில் கொஞ்சத்தை மெஷினின் வடிகட்டி பிடித்துக்கொண்டிருக்கும், சர்க்கரை தாழ்ந்த பயத்தில் உடம்பும் சேர்த்து வைத்த சர்க்கரையை அள்ளி ரத்தத்தில் கொட்டும், அதன்மேல் உங்கள் ஜூஸ் என்றாள். சில மணி நேரத்தில் அதுவே இறங்கிவிடும். ஏறின நேரம் பார்த்து ஊசி போட்டால், இறங்குகிறதும் ஊசியும் சேர்ந்து ஆளைப் பாதாளத்துக்கு இழுத்துவிடும்.

"எழுப்பியிருந்தாவது தெரிஞ்சிருக்கும் சார். வேர்வையும் கொழறலும் சர்க்கரை எறங்கறதுக்கு அடையாளம். பொழச்சிருக்க வாய்ப்பு இருந்துது," என்றாள்.

லைனை ஆஃப் செய்துவிட்டாலும் கம்பியில் மின்சாரம் தங்கியிருக்கும். எர்த் அடித்து அதைத் தரையில் இறக்காமல் தொட்டு மேலே கருகிய ஒருவனை என் கையால் இறக்கியிருக்கிறேன். ஆஃப் ஆகிவிட்டது என்று கீழிருந்து அவனுக்குக் குரல் கொடுத்தவன்மேல் அன்றைக்கு நான் பாய்ந்த பாய்ச்சல் எனக்குத்தான் தெரியும். மருந்து அறையில் அதுதான் ஞாபகம் வந்தது. நஞ்சம்மாளிடம் சொல்ல வேண்டாம் என்று மலர்விழியைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அவளுக்காகத்தான் என்று சொன்னேன். அது பொய். எனக்காகத்தான்.

பானுமதியிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, நீங்கள் அவளைப் பார்த்துச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாள். செத்தவர் வரப்போகிறாரா, இருக்கிறவளையும் எதற்குக் கொல்ல வேண்டும் என்று கத்தினேன். பானுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாற்பது நாள் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை, மாலை நாலேகால். அன்றைக்கு மெஷின் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிடைத்ததால் மூன்று மணி பஸ்ஸிலேயே நானும் பானுமதியும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அரை மணி ஆகவில்லை. நஞ்சம்மாள் கையில் ஒரு சின்னப் பால் கேனோடு வாசலில் நின்றாள். கேனில் ஐஸ். ஐஸுக்குள் மாதுவுக்கு வாங்கிய ரத்தச் சோகை ஊசி மூன்று. எங்கள் பெஞ்சில் அது வழக்கம். ஒருவர் போய்விட்டால் மிச்சமுள்ள மருந்து அடுத்தவருக்கு. பானுமதிக்கு என்று கொண்டுவந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, அவளாகவே சொன்னாள்.

அவள் தெருவில் பச்சியப்பன் என்று ஒருவர். சர்க்கரைக்காரர். அவருக்கும் டயாலிசிஸ் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. காலை முறை. மனைவி முனியம்மாளுக்கு ஊசி என்றாலே கை நடுக்கம். அதனால் இரண்டு வேளையும் நஞ்சம்மாளே போய்ப் போடுகிறாள்.

"அவரு போனதுலருந்து கைக்கு வேலையே இல்லாத போச்சுங்கண்ணா. இது ஒண்ணுதான் எனக்கு நல்லா தெரிஞ்சது. ஒருத்தருக்காவது ஒதவட்டும்."

இன்றைக்கும் பச்சியப்பன் பகல் ஒரு மணிக்கு மெஷினிலிருந்து வந்தாராம். பார்த்தால் இருநூற்று தொண்ணூறு. மாலை வரை காத்திருக்காமல் பதினாலு யூனிட் போட்டாளாம். மனிதர் களைத்துப்போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். முனியம்மாள் எழுப்பப் போனாளாம்.

"எங்க அண்ணா சொல்லுவாரு, மெஷின் முடிஞ்சு தூங்கறவங்கள எழுப்பக் கூடாதுன்னு. அதச் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினனுங்க."

பானுமதி கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி நாலரை. ஊசி போட்டு மூன்றரை மணி நேரம்.

முனியம்மாளுக்கு உடனே போன் போடு, அவரை எழுப்பச் சொல் என்றேன். எதற்கு என்று கேட்டாள். முதலில் போடு என்று கத்தினேன். போடவில்லை. கோட்டைப் பார்க்கிற கண்ணால் என்னைப் பார்த்தாள். கோபம் கொண்டு இனிப் பயனில்லை என்று தெரிந்தது. சொன்னேன். மாதுவுக்கு அன்றைக்குச் சர்க்கரை கீழே போய்த்தான் உயிர் போனது, நான் போடச் சொன்ன ஊசியால் போனது, நான் எழுப்பாதே என்றதால் யாருக்கும் தெரியவில்லை, நாற்பது நாளாக எனக்குத் தெரியும், இப்போது பச்சியப்பனுக்கும் அதேதான் நடக்கிறது என்றேன். நாலைந்து வாக்கியம்தான்.

அவள் அழவில்லை. போனை எடுத்துப் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டாள். அதுவும் எடுக்கவில்லை. முனியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருப்பாள் என்று முணுமுணுத்தாள். மூன்றாவது முறை எடுத்தாள்.

"அவர எழுப்பு. நான் சொல்றேன், எழுப்பு. பேசறாரா பாரு."

அந்தப் பக்கம் ஏதேதோ சத்தம். முனியம்மாளின் குரல் உயர்ந்தது. உடம்பெல்லாம் தண்ணீராக இருக்கிறது, என்னவோ குழறுகிறார், கண் திறக்க மாட்டேன் என்கிறார் என்றாள். பானுமதி அதற்குள் தன் போனில் மலர்விழியைப் பிடித்துவிட்டாள். நான் நூற்றெட்டுக்கு அடித்தேன். விழுங்க முடிகிறதா என்று பார்க்கச் சொன்னாள் மலர்விழி. முடியாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். ஒரு சொட்டு கொடுத்துப் பார்த்தாள் முனியம்மாள். விழுங்கினார். சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னாள் நஞ்சம்மாள். ஒவ்வொரு ஸ்பூனையும் போனிலேயே எண்ணினாள். ஏழு, எட்டு, ஒன்பது. பதினான்காவது ஸ்பூனில் ஒரு ஆண் குரல், ஏண்டி என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்துகிறாய் என்று கேட்டது.

தெளிந்துவிட்டார், ஆம்புலன்ஸ் எதற்கு என்றாள் முனியம்மாள். மறுபடியும் இறங்கும், ஊசி இன்னும் உள்ளேதான் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க விரலில் குத்திப் பார்க்க வேண்டும் என்று மலர்விழி சொன்னதை நஞ்சம்மாள் சொல்லுக்குச் சொல் அப்படியே திருப்பிச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் போனை வைத்தாள். அப்போது மணி ஐந்தே கால்.

பிறகு அவள் தலை நிமிராமலே கேட்டாள்.

"அன்னிக்கு காலையில, தலகாணிய திருப்பி வெச்சன்ல, அப்ப எழுப்பியிருந்தா எந்திரிச்சிருப்பாருங்களா?"

பொய் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. பானுமதி என் பக்கம் பார்க்கவில்லை.

"எந்திரிச்சிருப்பாரும்மா," என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க, சத்தமே இல்லாமல் அழுதாள். பானுமதி கட்டிலை விட்டு இறங்கி வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறு மணி பஸ்ஸுக்கு எழுந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கேனைத் தேடி எடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, பச்சியப்பனுக்கு அடுத்த மெஷின் சனிக்கிழமையா என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டேன்.

"ஆமாங்க. சொசைட்டிக்கு லீவு சொல்லிட்டு நானும் கூடப் போறனுங்க. அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்த நோட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்குது. அதச் செவ்வாக்கெழம டாக்டர்கிட்ட குடுக்கோணும்."